பள்ளி உணவுக்கு வரும் உதவிப் பொருட்கள்: கப்பலிலிருந்து தட்டு வரை அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளிநாட்டுப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு மதிய உணவு போடும் உதவித் திட்டங்களில் சரக்குக் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். புதிதாக வேலைக்குச் சேரும் தம்பி தங்கைகள், பயிற்சிக்கு வரும் ஆசிரியர்கள், ஊரில் விசாரிக்கும் உறவினர்கள் என்று எல்லோரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். உதாரணங்கள் பலவற்றை நேபாளத்திலிருந்து எடுத்திருக்கிறேன். கடல் இல்லாத நாடு, மலைப்பாதை, நான்கு மாத மழை என்று இந்த வேலையின் எல்லாச் சிக்கல்களும் அங்கே ஒன்றாக இருக்கின்றன.

இந்த அரிசி, பருப்பெல்லாம் யார் குடுக்குறாங்க?

பெரும்பாலும் இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று, ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம். 1961-ல் தொடங்கிய அமைப்பு, தலைமையகம் ரோம். பல நாடுகள் அதற்குப் பணமாகவோ பொருளாகவோ கொடுக்கின்றன. இன்னொன்று, அமெரிக்க வேளாண் துறை நடத்தும் மெக்கவர்ன்–டோல் திட்டம். ஜார்ஜ் மெக்கவர்ன், ராபர்ட் டோல் என்ற இரண்டு செனட்டர்களின் பெயரில் 2002-ல் சட்டமானது. அமெரிக்காவில் விளைந்த தானியமும் பருப்பும் எண்ணெயும் இதில் வருகின்றன. பள்ளியில் திட்டத்தை நடத்துவது உலக உணவுத் திட்டமாகவோ ஒரு தொண்டு நிறுவனமாகவோ இருக்கும்.

நமக்கும் இது புதிதல்ல. காமராஜர் தொடங்கிய மதிய உணவுத் திட்டத்துக்கு 1961 முதல் கேர் என்ற தொண்டு நிறுவனம் வழியாக அமெரிக்க உணவுப்பொருள் வந்தது. அறுபதுகளில் பள்ளியில் படித்தவர்களைக் கேட்டால் பால் பவுடரைப் பற்றிச் சொல்வார்கள்.

ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உலக உணவுத் திட்டத்தின் கணக்குப்படி உலகில் 46 கோடிக்கும் மேற்பட்ட பிள்ளைகள் பள்ளியில் சாப்பிடுகிறார்கள். அதற்கான செலவில் சுமார் 99 சதவீதத்தை அந்தந்த நாடுகளே போடுகின்றன. வெளி உதவி மிகச் சின்னப் பங்குதான். ஆனால் அது போய்ச் சேருவது அரசால் தனியாகச் சமாளிக்க முடியாத இடங்களுக்கு. அதனால்தான் ஒரு மூட்டை வீணானாலும் அங்கே அது பெரிதாகத் தெரியும்.

ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு கணக்கு?

நாட்டுக்கு நாடு மாறும். பரவலாகப் பார்க்கும் அளவு: அரிசி அல்லது வேறு தானியம் 150 கிராம், பருப்பு 30 கிராம், வைட்டமின் சேர்த்த எண்ணெய் 10 கிராம், அயோடின் உப்பு 3 கிராம்.

200 பிள்ளைகள் உள்ள பள்ளியில் போட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு அரிசி 30 கிலோ, பருப்பு 6 கிலோ, எண்ணெய் 2 கிலோ. 60 நாள் பருவத்துக்கு அரிசி 1,800 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டையில் 36. எண்ணெய் 120 கிலோ. லிட்டரில் சுமார் 130, நான்கு லிட்டர் டின்னில் 33. எண்ணெய் டின்னில் லிட்டர் இருக்கும், பதிவேட்டில் கிலோ இருக்கும். புதியவர்கள் தடுமாறும் முதல் இடம் இதுதான். ஒரு லிட்டர் எண்ணெய் ஏறக்குறைய 920 கிராம். இதைக் கிடங்குச் சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

கப்பல்ல வர எவ்வளவு நாள் ஆகும்? எப்ப ஆர்டர் போடணும்?

அமெரிக்காவிலிருந்து பொருளாக வரும் உதவிக்கு, ஆர்டர் போட்டதிலிருந்து நான்கு முதல் ஆறு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். டெண்டர், ஆலை, துறைமுகம், கப்பல் எல்லாம் சேர்ந்த காலம் அது. இதில் குறைந்தது பாதிச் சரக்கை அமெரிக்கக் கொடி பறக்கும் கப்பல்களில்தான் ஏற்ற வேண்டும் என்று அவர்கள் சட்டம் சொல்கிறது. அந்தக் கப்பல் கிடைக்கும்வரை காத்திருக்கவும் வேண்டும்.

நேபாளத்துக்குப் போகும் சரக்கு கொல்கத்தாவில் இறங்கி, எல்லை தாண்டி, மலையடிவாரக் கிடங்குக்கு வந்து, அங்கிருந்து மேலே ஏற வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையில் மண் சரிந்து பாதை அடைபடும். சாலை முடியும் இடத்திலிருந்து கோவேறு கழுதையிலும் ஆள் முதுகிலும் போகும் பள்ளிகள் உண்டு. அங்கே பள்ளி ஆண்டு ஏப்ரல் நடுவில் தொடங்குகிறது. மழைக்காலத்தில் சமைக்க வேண்டிய அரிசி மே மாதத்துக்குள் பள்ளி அறைக்குள் இருந்தாக வேண்டும். அப்படியென்றால் ஆர்டர் முந்தைய ஆண்டு இலையுதிர் காலத்திலேயே போயிருக்க வேண்டும். தேதியைத் தட்டிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். கப்பல் தேதியிலிருந்து முன்னோக்கி எண்ணுபவர்கள் எப்போதும் ஒரு மாதம் பிந்துவார்கள்.

கிடங்குல மூட்டையை எப்படி அடுக்கணும்?

தரையில் நேரடியாக வைக்கக் கூடாது, மரப் பலகை மேல்தான். சுவருக்கும் அட்டிக்கும் (மூட்டை அடுக்குக்கும்) நடுவே ஒரு ஆள் சுற்றி நடக்கும் அளவு, சுமார் ஒரு மீட்டர் இடைவெளி விடுங்கள். கூரையைத் தொடக் கூடாது. செங்கல் கட்டுவது போல வரிசைக்கு வரிசை திசை மாற்றி அடுக்கினால் அட்டி சரியாது, எண்ணவும் எளிது. ஒவ்வொரு வரிசையிலும் ஒரே எண்ணிக்கை இருக்கட்டும்.

ஒரு அட்டியில் ஒரு பொருள், ஒரே வரவு. அதன் மேல் ஒரு அட்டை தொங்க வேண்டும்: என்ன பொருள், எந்தக் கப்பல், எந்தத் தேதி வந்தது, எப்போது காலாவதி, எவ்வளவு போனது, எவ்வளவு மிச்சம். இந்த அட்டை எதற்கு என்று பலர் சலித்துக்கொள்கிறார்கள். பின்னால் வாந்தி, மயக்கம் பற்றிய கேள்வியைப் படியுங்கள், புரியும்.

முதல்ல வந்த மூட்டைதானே முதல்ல போகணும்?

பொதுவாக ஆமாம். ஆனால் பின்னால் வந்த சரக்கின் காலாவதித் தேதி முன்னால் இருந்தால், அதுதான் முதலில் போக வேண்டும். கப்பல் தாமதமானால் இப்படி நடக்கும்.

அரிசியில வண்டு ஊருது. எல்லாத்தையும் கொட்டிடணுமா?

வேண்டாம். வண்டு என்பது சரிசெய்யக்கூடிய பிரச்சினை. கிடங்கில் என்றால் அந்த அட்டியை மற்றவற்றிலிருந்து பிரித்து, தகுதி உள்ள நிறுவனத்தை அழைத்துப் புகைமூட்டம் போடுவார்கள். காற்றுப் புகாத தார்ப்பாயால் மூடி, ஓரங்களில் மணல் பை வைத்து, உள்ளே அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைப்பார்கள். அது விடும் வாயுதான் பூச்சியைக் கொல்கிறது. வெப்பநிலையைப் பொறுத்து ஒரு வாரமோ அதற்கு மேலுமோ மூடி வைக்க வேண்டும். லாரி காத்திருக்கிறது என்று மூன்றாம் நாளே பிரித்தால் முட்டைகள் பிழைத்துக்கொள்ளும். அதைத் திரும்பத் திரும்பச் செய்தால் மருந்துக்கு அசராத பூச்சிகள் உருவாகும்.

இன்னொன்று, புகைமூட்டம் பின்னால் வரும் பூச்சியைத் தடுக்காது. தரையில் சிந்திய அரிசியைக் கூட்டாமல், ஓட்டைச் சாக்கை மாற்றாமல் விட்டால் அடுத்த மாதமே மறுபடி வரும். துடைப்பத்துக்கும் ஆள் கூலிக்கும் செலவு செய்யத் தயங்காதீர்கள்.

அந்த மாத்திரையை பள்ளிக்கூட ஸ்டோர் ரூம்லயே நாலு போட்டு வைக்கலாமா?

கூடாது, ஒருபோதும் கூடாது. அந்த வாயு மனிதரைக் கொல்லும், அதற்கு மாற்று மருந்தும் கிடையாது. பள்ளியில் வண்டு வந்தால் சலித்து, புடைத்து, நிழலில் ஆறவிட்டு, சீக்கிரம் சமைத்துத் தீர்த்துவிடுங்கள். அளவு அதிகமென்றால் கிடங்குக்குத் தகவல் கொடுங்கள்.

பூசணம் பிடிச்சதையும் கழுவி சமைச்சிரலாமா?

வண்டுக்குச் சொன்ன பதில் இதற்குப் பொருந்தாது. பூஞ்சை விடும் அஃப்ளாடாக்சின் நஞ்சு, கழுவினாலும் கொதிக்க வைத்தாலும் போகாது. 2004-ல் கென்யாவின் கிழக்குப் பகுதியில் ஈரத்தில் கெட்ட சோளத்தைச் சாப்பிட்டு 125 பேர் இறந்தார்கள். அது உதவிப் பொருள் அல்ல, அவர்கள் வீட்டில் வைத்திருந்த சோளம். நஞ்சுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

நனைந்த மூட்டை, கட்டி தட்டிய மாவு, மக்கிய வாசனை எது இருந்தாலும் தனியே வைத்து, மேலே பெரிதாக எழுதி, மேலிடத்துக்குச் சொல்லுங்கள். கோழிக்குப் போடலாமா என்பதையும் பரிசோதனை முடிவுதான் சொல்ல வேண்டும்.

அரிசியில பிளாஸ்டிக் மாதிரி சில மணி இருக்கே, கலப்படமா?

இல்லை. அது செறிவூட்டிய மணி. அரிசி மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 போன்றவற்றைக் கலந்து அரிசி வடிவில் அச்சடித்து, சுமார் நூறு மணிக்கு ஒன்று என்று சேர்க்கிறார்கள். நிறம் கொஞ்சம் மாறியிருக்கும், சிலது தண்ணீரில் மிதக்கும். நம் ஊர் ரேஷன் அரிசியிலும் இது வந்திருக்கிறது, இதே சந்தேகமும் வந்திருக்கிறது. பொறுக்கி எறிந்தால் மிஞ்சுவது வெறும் அரிசிதான். சமைக்கும் அம்மாக்களுக்கு இதை முதல் நாளே காட்டிச் சொல்லிவிடுங்கள். நிறைய தண்ணீர் வைத்து வடிப்பதைவிட அளவான தண்ணீரில் பொங்கி இறக்குவது நல்லது.

லாரியில வந்த மூட்டை பில்லோட ஒத்துவரல. டிரைவர் அவசரப்படுத்துறார். கையெழுத்து போடலாமா?

போடுங்கள், ஆனால் வந்த எண்ணிக்கைக்கு. 100 என்று பில் சொல்லி 97 வந்தால், லாரியோடு வரும் சரக்குச் சீட்டான வே-பில்லின் எல்லாப் பிரதிகளிலும் "97 பெற்றேன், 3 குறைவு, 2 கிழிசல்" என்று எழுதி, டிரைவரின் கையெழுத்தையும் அதே இடத்தில் வாங்குங்கள். குறைந்ததற்கு லாரிக்காரரின் கூலியில் பிடிப்பது நிறுவனத்தின் வேலை. உங்கள் எழுத்து இல்லாமல் அவர்களால் எதுவும் செய்ய முடியாது. "அடுத்த லோடில் சேர்த்து அனுப்புகிறோம்" என்ற வாய்ப்பேச்சை ஏற்காதீர்கள்.

எண்ணிக்கை சரியாக இருந்து எடை குறைவதும் உண்டு. பத்துக்கு ஒரு மூட்டையாவது எடை போட்டுப் பாருங்கள். சாக்கின் தையல் வேறு நிறத்தில் இருந்தால் அதைத் தவறாமல் எடை போடுங்கள்.

பள்ளிக்கூடத்துக்கு வந்த பிறகு யார் பொறுப்பு? ஹெட்மாஸ்டரா?

எல்லா வேலையும் தலைமை ஆசிரியர் தலையில் விழுவதுதான் வழக்கம். அது நியாயமும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. அறைக்கு இரண்டு பூட்டு போட்டு ஒரு சாவி பள்ளியிடமும் இன்னொன்று பெற்றோர் குழுவிடமும் இருக்கட்டும். காலையில் இருவரும் சேர்ந்து திறந்து, அளந்து கொடுத்து, இருவரும் கையெழுத்திட வேண்டும். தராசு இல்லாவிட்டால் 5 கிலோ அளவுக்குக் கோடு போட்ட ஒரு டப்பா போதும்.

என் கருத்தை இங்கே அழுத்தமாகவே சொல்கிறேன். துறைமுகத்தில் சரக்கைச் சோதிக்கும் சர்வேயர் இருக்கிறார், காப்பீடு இருக்கிறது, பெரிய கிடங்கில் கணினி இருக்கிறது. கடைசி இருபது கிலோமீட்டரில்தான் ஒன்றுமே இல்லை. ஒழுகும் கூரை, எலி ஓட்டை, வகுப்பும் எடுத்துக்கொண்டு பதிவேடும் எழுதும் ஒரு வாத்தியார், அவ்வளவுதான். பொருள் அதிகம் வீணாவதும் பிள்ளைகளுக்குச் சோறு தவறுவதும் அங்கேதான். ஆனால் பயிற்சிக்கும் பழுதுக்கும் ஒதுக்கும் பணத்தில் கடைசிப் பங்கும் அங்கேதான் போகிறது. உங்கள் கையில் பட்ஜெட் இருந்தால் முதலில் பள்ளி அறையின் கூரையைச் சரி செய்யுங்கள்.

பதிவேட்டுல 200 பேர். வர்றது 170. எந்தக் கணக்குல சமைக்கணும்?

வந்த தலைக்கு. 170 பேர் என்றால் 25.5 கிலோ அரிசி. மேலே சொன்ன ரேஷன் அளவு கண்காணிப்பவருக்கும் உதவும்: செலவான அரிசியை 150 கிராமால் வகுத்தால் வருகைப் பதிவேட்டின் எண் கிடைக்க வேண்டும்.

மாதம் முழுக்க தினமும் 200, தினமும் 30 கிலோ என்று அழகாக எழுதியிருந்தால் அந்தப் பதிவேட்டைச் சந்தேகப்படுங்கள். சந்தை நாளில் குறையும், அறுவடையில் குறையும், மழையில் குறையும், அதுதான் நிஜப் பள்ளி. ஆனால் பொய்க்கணக்கு எழுதும் எல்லோரும் திருடர்கள் இல்லை. மிச்சம் காட்டினால் அடுத்த முறை ஒதுக்கீட்டைக் குறைத்துவிடுவார்கள், ஏன் மிஞ்சியது என்று விளக்கம் கேட்பார்கள் என்ற பயத்தில் எழுதுபவர்களே அதிகம். மிச்சத்தைக் குற்றமாகப் பார்க்காமல் அடுத்த மாதக் கணக்கில் கழித்துக்கொண்டால் உண்மையான எண் தானாக வரும்.

பிள்ளைங்க இடுப்புல தம்பி தங்கச்சியத் தூக்கிட்டு வர்றாங்க. சோறு போடக் கூடாதுங்கிறீங்களா?

பசித்த குழந்தையைத் திருப்பி அனுப்பச் சொல்லும் மனம் எனக்கு இல்லை. போடுங்கள். ஆனால் அதை எழுதுங்கள். "பதிவில் இல்லாத சிறு பிள்ளைகள் 14" என்று தனி வரியில் எழுதி மாத அறிக்கையில் அனுப்புங்கள். எழுதினால் அடுத்த ஆண்டுத் திட்டத்தில் பாலர் வகுப்பைச் சேர்க்கச் சொல்லி வாதாட ஆதாரம் கிடைக்கும். எழுதாமல் போட்டால் மற்ற பிள்ளைகளின் தட்டு குறையும், கணக்கிலும் ஓட்டை விழும்.

சமைப்பவர்களுக்கும் இதே நியாயம்தான். அவர்களுக்கு ஒரு பங்கு உண்டு என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். விடியற்காலையில் விறகு சுமந்து வரும் பெண்ணைச் சோற்றுக்காகக் கள்ளக்கணக்கு எழுத வைக்காதீர்கள்.

சாக்குல 'விற்பனைக்கு அல்ல'ன்னு போட்டிருக்கு. காலிச் சாக்கை, டின்னை விக்கலாமா?

திட்ட விதி அனுமதித்தால் விற்கலாம். மேலே உள்ள கொடி, எழுத்தை அழித்துவிட்டு, வந்த பணத்தை உப்புக்கோ விறகுக்கோ செலவழித்துக் கணக்கில் காட்ட வேண்டும். ஆனால் வேறு எதையோ அடைத்து வைத்திருந்த டப்பாவைச் சமையலறைக்குள் கொண்டுவரக் கூடாது. 2013 ஜூலையில் பீகாரின் சரண் மாவட்டத்தில் மதிய உணவு சாப்பிட்ட 23 பிள்ளைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் பூச்சிமருந்து கலந்திருந்தது.

சாப்பிட்ட பிள்ளைங்களுக்கு வாந்தி வந்தா முதல்ல என்ன செய்யணும்?

பிள்ளைகளை மருத்துவமனைக்கு அனுப்புங்கள், பரிமாறுவதை நிறுத்துங்கள். பாத்திரத்தைக் கழுவிவிடாதீர்கள். சமைத்த சோறு, சமைக்காத அரிசி, எண்ணெய், தண்ணீர் எல்லாவற்றிலும் மாதிரி எடுத்து வையுங்கள். அப்புறம் சாக்கின் மேலுள்ள தொகுதி எண்ணை (எந்தத் தயாரிப்புத் தொகுதி என்று காட்டும் 'பேட்ச்' எண்) குறித்து உடனே மேலே சொல்லுங்கள்.

2019-ல் உகாண்டாவின் கரமோஜாவில் உதவியாக வந்த சத்துமாவைச் சாப்பிட்டுச் சுமார் 300 பேர் பாதிக்கப்பட்டார்கள், ஐந்து பேர் இறந்தார்கள். ஊமத்தை வகைச் செடியின் நஞ்சு சோயாவோடு கலந்து வந்திருந்தது. உலக உணவுத் திட்டம் அந்தத் தயாரிப்பாளரின் மாவை மற்ற நாடுகளிலும் நிறுத்தியது. அப்படி நிறுத்த வேண்டுமானால் எந்தத் தொகுதி எந்த ஊருக்குப் போனது என்று தெரிந்திருக்க வேண்டும். அட்டியில் தொங்கும் அட்டைக்கு அந்த வேலை இருக்கிறது.

காலாவதித் தேதி போன வாரம் முடிஞ்சிருச்சு. அரிசி நல்லாத்தான் இருக்கு. என்ன பண்றது?

நீங்களாக முடிவெடுக்காதீர்கள். அரிசி, பருப்பு போன்றவை முறையாக வைத்திருந்தால் தேதிக்குப் பிறகும் நன்றாக இருக்கக்கூடும். ஆய்வுக்கூடச் சான்றும் அந்நாட்டு அதிகாரிகளின் அனுமதியும் கிடைத்தால் பயன்படுத்தலாம். செறிவூட்டிய மாவு, எண்ணெய், பிஸ்கட் விஷயத்தில் அந்தச் சலுகையை எதிர்பார்க்காதீர்கள்.

உண்மையில் இந்தக் கேள்வி மூன்று மாதம் முன்னால் வந்திருக்க வேண்டும். தேதி நெருங்கும் சரக்கை வேகமாகச் சமைக்கும் பள்ளிக்கு மாற்ற அப்போதுதான் நேரம் இருக்கும். 2025-ல் ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் பிள்ளைகளுக்காக அமெரிக்கா வாங்கிய சுமார் 500 டன் சத்து பிஸ்கட் துபாய் கிடங்கிலேயே காலாவதியாகி அழிக்கப்பட்டது. பொருள் கெட்டு அல்ல, அனுப்பச் சொல்லி யாரும் கையெழுத்திடாததால். அதை நினைத்தால் இன்றும் ஆறவில்லை.

திருட்டு நடந்துச்சுன்னு சொன்னா திட்டத்தையே நிறுத்திடுவாங்களே, மறைச்சிடுறது நல்லதில்லையா?

இந்தப் பயம் நியாயமானதுதான். எத்தியோப்பியாவில் உணவு பெருமளவில் கடத்தப்பட்டது தெரிந்ததும் 2023 மே மாதம் அந்நாட்டின் வடக்கே உள்ள திக்ரேயிலும் ஜூனில் நாடு முழுவதும் உணவு உதவியை நிறுத்தினார்கள். பல மாதம் கழித்துத்தான் முழுமையாகத் தொடங்கினார்கள். நடுவில் பட்டினி கிடந்தவர்கள் திருடியவர்கள் அல்ல.

ஆனாலும் மறைக்காதீர்கள். இரண்டு மூட்டை போனதை அன்றே எழுதினால் அது இரண்டு மூட்டைப் பிரச்சினை. காவல் நிலையத்தில் புகார், ஒரு அறிக்கை, பூட்டு மாற்றம் என்று முடிந்துவிடும். சிறிய இழப்புகளைத் தொடர்ந்து எழுதும் மாவட்டத்தை உதவி தருபவர்கள் நம்புகிறார்கள். இழப்பே இல்லை என்று ஆண்டு முழுக்க எழுதும் மாவட்டத்துக்குத்தான் தணிக்கை முதலில் போகும்.

எதுக்கு இவ்வளவு பாடு? பணமா குடுத்து அந்த ஊர்லயே வாங்கினா உள்ளூர் விவசாயிக்கும் நல்லதுதானே?

பெரும்பாலும் சரிதான். வெளிநாட்டுத் தானியம் உள்ளூர் விலையைக் குலைக்கக் கூடாது என்று அமெரிக்கச் சட்டத்தில் 1977 முதலே பெல்மன் விதி இருக்கிறது. 2018 முதல் மெக்கவர்ன்–டோல் பணத்தில் 10 சதவீதம் வரை உள்ளூரிலும் அண்டை நாடுகளிலும் வாங்கவும் அனுமதி உண்டு. பிரேசில் 2009-ல் இயற்றிய சட்டத்தில், பள்ளி உணவுக்கான மத்திய நிதியில் குறைந்தது 30 சதவீதத்தைச் சிறு விவசாயக் குடும்பங்களிடம் செலவிட வேண்டும் என்றது.

ஆனால் பணத்துக்கும் ஒரு கிடங்குப் பிரச்சினை உண்டு, அதன் பெயர் விலைவாசி. நேபாள அரசு பெரும்பாலான மாவட்டங்களில் ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு 15 ரூபாய் என்று பள்ளிகளுக்குத் தந்து வந்தது. சமவெளிச் சந்தையில் அந்த 15 ரூபாய்க்குக் கிடைப்பது மலையுச்சியில் கிடைக்காது. சந்தை இருக்கும் இடத்தில் பணம், மழையில் பாதை அடைபடும் இடத்தில் முன்கூட்டியே அரிசி என்று பிரிப்பதுதான் சரி என்பது என் எண்ணம்.

உதவி திடீர்னு நின்னுட்டா?

நல்ல முறையில் முடிவதும் உண்டு. கென்யா 2009-ல் சொந்தத் திட்டத்தைத் தொடங்கி, மாவட்டம் மாவட்டமாக ஏற்று, 2018-ல் முழுவதையும் உலக உணவுத் திட்டத்திடமிருந்து வாங்கிக்கொண்டது. ஒன்பது ஆண்டு எடுத்தது. 2025 தொடக்கத்தில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தியபோது அந்த அவகாசம் யாருக்கும் இல்லை. துறைமுகங்களிலும் வழியிலும் கிடங்குகளிலும் 48.9 கோடி டாலர் மதிப்புள்ள உணவு கெட்டுப்போகும் ஆபத்தில் இருப்பதாக அந்நாட்டு உதவி அமைப்பின் தலைமை ஆய்வாளரே பிப்ரவரியில் எழுதினார்.

நீங்கள் பள்ளியிலோ மாவட்டக் கிடங்கிலோ இருந்தால், செய்தி வந்த அன்றே இருப்பை எண்ணி, பெற்றோர் குழுவோடு சேர்ந்து கையெழுத்திடுங்கள். அறையில் இருக்கும் பொருளைத் தொடர்ந்து சமைக்கலாமா என்று எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். அனுமதி வந்ததும் ரேஷன் கணக்கைப் போட்டு, இன்னும் எத்தனை நாளுக்குச் சோறு இருக்கிறது என்று பெற்றோரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். பதினெட்டு நாள் இருக்கிறது என்று முன்பே தெரிந்தால், பத்தொன்பதாம் நாளுக்கு வீட்டுக்கு ஒரு பிடி அரிசி சேர்க்க அவர்களால் முடியும்.